ஜாஸ் வாசித்த கணக்கு சாரின் நினைவுகளைத் தொகுப்பது எப்படி?

பகலில் பாடம் நடத்திவிட்டு மாலையில் சாக்ஸபோனை எடுத்து ஜாஸ் வாசித்த ஓர் ஆசிரியருக்கு நினைவுக்கூட்டம் நடத்த விரும்பும் பழைய மாணவர்கள், ஃப்ளெக்ஸ் பேனருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பாக, அவருடைய வாசிப்பு எங்கெங்கே மிச்சமிருக்கிறது என்று தேட வேண்டும். மதுரையில் எங்கள் கணக்கு ஆசிரியருக்காக இதைச் செய்தபோது பேனர் இரண்டே நாளில் தயாராகிவிட்டது; நான்கு கேசட்டுகளைக் கண்டெடுக்க ஏழு மாதம் ஆயிற்று.

தேடலை வீட்டாரிடம் தொடங்குங்கள், அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். தேவாலயப் பாடற்குழுவிலும் கல்யாண பேண்டு செட்டிலும் அவருடன் வாசித்தவர்களையும், பள்ளி ஆண்டு விழாவுக்கு மைக் செட் போட்டவரையும் போய்ப் பாருங்கள். எங்களுக்குக் கிடைத்த நான்கில் மூன்று மைக் செட்காரர் வீட்டுப் பரணில் இருந்தவை.

கேசட் கையில் கிடைத்ததும் ஆசையில் டேப்ரிக்கார்டரில் போட்டுவிடக் கூடாது. நாடாச் சுருளின் மேல் வெண்பூஞ்சை படிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, படிந்திருந்தால் ஓட்டாமல் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். சுத்தமாக இருந்தால், பென்சிலைத் துளையில் செருகிச் சுற்றித் தொய்வை எடுத்த பிறகு, மேல் விளிம்பின் இரு மூலைகளிலும் உள்ள சிறு பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுங்கள். அதன்பின் ரெக்கார்டு பொத்தானைத் தவறி அழுத்தினாலும் பழைய பதிவு அழியாது. இதை நான் செய்யத் தவறியதால் ஒரு கேசட்டில் பன்னிரண்டு விநாடி சாக்ஸபோன் போய், அந்த இடத்தில் என்னுடைய இருமல் இருக்கிறது.

டேப்ரிக்கார்டரில் நாடா உரசிச் செல்லும் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, வயர் மூலம் கணினியில் இணைத்து, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் வேவ் கோப்பாகப் பதியுங்கள். இரைச்சலைக் குறைக்கும் வேலையை நகலில் மட்டுமே செய்யுங்கள்.

ஒரே பாட்டு இரண்டு கேசட்டில் இருந்தால் ஒன்றை ஒதுக்கிவிடலாம் என்று தோன்றும். ஜாஸுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. மெட்டு ஒன்றாக இருந்தாலும் அதன் நடுவே கலைஞர் அந்த நேரத்துக் கற்பனையில் வாசிப்பது, நம் வித்வான்களின் கல்பனாஸ்வரம் போல, ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கும் என்பதால் இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

மாணவர்களின் நினைவுகளையும் இப்படியே நடத்துங்கள். "சார் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் எல்லோரும் "தங்கமானவர்" என்றுதான் சொல்வார்கள். நாங்கள், சார் மேசையில் தட்டிய தாளத்தைத் தட்டிக் காட்டச் சொன்னோம். இரண்டு பேர் 'தக தகிட' என்று, ஐந்து எண்ணிக்கை கொண்ட கர்நாடக இசைத் தாளமான கண்ட சாபுவைத் தட்டினார்கள். மூன்றாமவர் 'தகிட தக' என்று தட்டி, அதுதான் சரி என்று சண்டைக்கே வந்துவிட்டார். அமெரிக்க ஜாஸ் கலைஞர் டேவ் புரூபெக்கின் குழு 1959இல் வெளியிட்ட 'டேக் ஃபைவ்' என்ற இசையின் தாளம் மூன்றும் இரண்டுமாகப் பிரியும் ஐந்து. நம் கண்ட சாபு இரண்டும் மூன்றுமாகப் பிரியும் ஐந்து. கூட்டல் வரிசை மாறினாலும் தொகை மாறாது என்ற பாடத்துக்கு சார் இரண்டையும் தட்டியிருக்கிறார் என்பது, மூவரின் பேச்சையும் திருத்தாமல் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தபோதுதான் எங்களுக்கு விளங்கியது.

சாக்ஸபோனைக் காட்சிக்கு வைப்பதானால் பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவது போலத் துலக்காதீர்கள், மேல்பூச்சு உரிந்துவிடும். மென்மையான உலர்ந்த துணி போதும்.

வெளியூர்க்காரர்கள் சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்கு வருவதால் கூட்டத்தை அதையொட்டி வைக்கலாம். அழகரை மதுரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை நாளும் அழகர் ஆற்றில் இறங்கும் நாளும் மட்டும் வேண்டாம். அந்தக் கூட்ட நெரிசலில் ஆற்றையொட்டிய கோரிப்பாளையத்தைத் தாண்டி ஒருவரும் வந்து சேர முடியாது. பதிவு ஒலிக்கும் பத்து நிமிடமாவது மண்டபத்து மின்விசிறிகளை நிறுத்தச் சொல்லுங்கள். புழுங்கத்தான் செய்யும், வாசலிலேயே ஆளுக்கொரு பனையோலை விசிறி கொடுத்துவிடுங்கள்.