டாஷ்போர்டில் ஓட்டை போடாமல் பழைய காருக்குப் புதிய சவுண்ட்

மொரிஸ் மைனரோ ஒஸ்டின் கேம்பிரிட்ஜோ, தகரவேலையும் பெயின்ட்டும் முடிந்து ரோட்டில் இறங்கியதும் அடுத்த ஆசை பாட்டுத்தான். கொழும்பில் கார் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போய் பாட்டு செட் வாங்குவதற்கு முன் போனட்டைத் திறந்து பற்றரியையும், என்ஜினால் சுழன்று மின்சாரம் தரும் டைனமோவையும் பாருங்கள். எந்த செட் என்பதை அவை இரண்டும்தான் தீர்மானிக்க வேண்டும்.

பற்றரியின் எந்த முனை பொடியில், அதாவது காரின் உலோக உடலில், பூட்டியிருக்கிறது? 1960களின் கடைசிப்பகுதி வரை வந்த பிரித்தானியக் கார்கள் பலவற்றில் பொசிட்டிவ்தான் பொடிக்குப் போகும். இன்றைய செட்டின் கூடு நெகட்டிவ். செட்டுக்கு ரப்பர் சுற்றி, கூடு பொடியில் படாமல் வைத்தால் போதும் என்று சில வயரிங் பாஸ்மார் சொல்வார்கள், போதாது. ஏரியல் வயரின் வெளியுறையும் அதே கூட்டோடு சேர்ந்திருப்பதால், ஏரியல் அடி பொடியில் பட்டதும் ஷோர்ட் ஆகிவிடும்.

சரியான வழி, நெகட்டிவ் முனை பொடிக்குப் போகும் ‘நெகட்டிவ் எர்த்’துக்கு மாற்றுவது. பற்றரியைத் திருப்பிப் பூட்டுங்கள். பிளக்குக்கு நெருப்புத் தரும் இக்னிஷன் கொயிலில் எஸ்டபிள்யூ, சிபி என்ற இரு முனைகளின் வயர்களை இடம் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் பிளக்கில் நெருப்பு பலவீனமாகும். அம்பியர் மீற்றர் இருந்தால் அதன் வயர்களையும் மாற்றுங்கள். பிறகு லூகாஸ் டைனமோவின் எஃப் முனை வயரைக் கழற்றி, பற்றரியின் பொசிட்டிவிலிருந்து ஒரு வயரை எடுத்து டைனமோவின் அந்த முனையில் இரண்டு மூன்று தடவை தட்டி எடுங்கள். பிடித்துக்கொண்டே நிற்கக்கூடாது. இதைச் செய்யாமல் என்ஜினை ஸ்டார்ட் பண்ணினால் டைனமோ பழைய திசையிலேயே மின்சாரம் தந்து சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றரைக் கருக்கிவிடும். ட்ரான்ஸிஸ்டர் உள்ள பழைய ரேடியோ, எலக்ட்ரோனிக் இக்னிஷன் எதுவும் காரில் இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். 6 வோல்ட் பற்றரியுள்ள ஃபோக்ஸ்வேகன் பீட்டில் என்றால் 12க்கு உயர்த்தும் கன்வேர்ட்டர் தனியாக வேண்டும்.

அடுத்தது கணக்கு. லூகாஸ் சி40 டைனமோ தருவது அதிகபட்சம் 22 அம்பியர். இரவு மழையில் ஹெட்லைற், வைப்பர், இக்னிஷன் சேர்ந்து பதினைந்தை நெருங்கும். வெள்ளவத்தை நெரிசலில் என்ஜின் ஐடிலில் நிற்கும்போது டைனமோ கிட்டத்தட்ட ஒன்றும் தராது. அப்போது பாட்டு ஓடுவது முழுக்க பற்றரியில். ஆகவே சராசரியாக 5 அம்பியருக்குள் நிற்கும் செட்டே பொருத்தம். பெட்டியில் ‘4x50 வாட்’ என்று இருந்தாலும் உண்மையில் ஒரு சனலுக்கு 15 முதல் 20 வாட்தான் வரும், அந்தச் சிறிய கெபினுக்கு அது தாராளம். பெரிய சப்வூஃபர் கட்டாயம் வேண்டுமென்றால் முதலில் டைனமோவுக்குப் பதிலாக, அதிக மின்சாரம் தரும் ஓல்டனேற்றர் போடுங்கள்.

ரிகண்டிஷன் ஜப்பான் செட் மலிவாகக் கிடைக்கும். ஜப்பானில் எஃப்எம் 76இல் தொடங்கி, பழைய செட்களில் 90 மெகாஹேர்ட்ஸோடு முடிந்துவிடும்; நம்முடைய நிலையங்களில் பெரும்பாலானவை அதற்கு மேலே. 108 வரை எடுக்கிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள்.

அழகான ஏற்பாடு இதுதான்: பழைய ரேடியோவை மின்சாரம் கொடுக்காமல் அழகுக்கு டாஷ்போர்டில் விட்டுவிட்டு, புளூடூத் உள்ள சிறிய அம்ப்ளிஃபயர் ஒன்றை சீற்றுக்கு அடியில் வையுங்கள். கதவை வெட்டாதீர்கள். வெட்டிய கதவைப் பழையபடி ஆக்குவது பெரும் வேலை. சாமான் வைக்கும் பார்சல் ஷெல்ஃபுக்குக் கீழே இரு மூலைகளிலும் 12 மில்லிமீற்றர் பிளைவுட்டில் மூடிய பெட்டி செய்து 5¼ அங்குல, 4 ஓம் ஸ்பீக்கர்களைப் பூட்டுங்கள். கடதாசிக் கோன் கொழும்புப் புழுக்கத்தில் பூஞ்சணம் பிடிக்கும், பொலிப்ரொப்பிலீன் கோன் கேளுங்கள்.

பவர் வயரை நேரே பற்றரியிலிருந்து எடுங்கள்: 2.5 சதுர மில்லிமீற்றர் செம்பு, பற்றரியிலிருந்து ஒரு முழத்துக்குள் 10 அம்பியர் பியூஸ், நடுவில் இக்னிஷனில் இயங்கும் ரிலே சுவிட்ச். ரிலே இல்லாவிட்டால் அந்தப் பழைய சாவி சுவிட்ச்தான் சுமையைத் தாங்க வேண்டும். புறக்கோட்டையில் மலிவாக விற்கும் வயரைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், உப்புக்காற்றில் முனை மாவாகப் போகும்.

ஸ்பீக்கரில் ‘டிக் டிக்’ சத்தம் கேட்டு, என்ஜினோடு சேர்ந்து வேகம் கூடினால் இக்னிஷன் இரைச்சல். ரெசிஸ்டர் பிளக் போட்டு, கொயிலில் சாவியிலிருந்து வரும் வயர் முனைக்கும் பொடிக்கும் இடையே 1 மைக்ரோஃபரட் கண்டென்சர் வையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் பொயின்ட் பக்க முனையில் வைத்தால் என்ஜின் தட்டுத்தடுமாறும். சீழ்க்கை போல ஏறி இறங்கினால் டைனமோ. அதே கண்டென்சர் அதன் பெரிய டி முனையில், எஃப் முனையில் ஒருபோதும் இல்லை. இரண்டுக்கும் போகாத இரைச்சல் பெரும்பாலும் எர்த்தில் இருக்கும். ஏரியல் அடியிலும் அம்ப்ளிஃபயர் எர்த்திலும் பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் உலோகத்தில் முறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். ஏரியல் கம்பி 75 சென்ரிமீற்றர் அளவில் இருந்தால் எஃப்எம் நன்றாக எடுக்கும்.

கடைசியாக, எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பற்றரி முனையில் மீற்றரைத் தொடராக மாட்டுங்கள். 50 மில்லிஅம்பியரைத் தாண்டினால் பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எந்த வழியில் கசிகிறது என்று தேடுங்கள். ஞாயிறு மட்டும் ஓடும் காருக்குப் பற்றரியை முழுதாகத் துண்டிக்கும் ஐசொலேற்றர் சுவிட்ச் ஒன்றும் பூட்டிவிடுங்கள்.