மொழிப் பள்ளி கேட்டுப் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவில் இருக்கிறீர்கள் என்றால் இப்படி ஒரு குழுவில் சேர உங்களுக்கும் அழைப்பு வந்திருக்கலாம். ஐந்தாறு பெற்றோர் கூடி, “உலகக் கல்வியும் வேற்று மொழிகளும் சொல்லித்தரும் அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்று நம் ஊருக்கு வேண்டும்” என்று முடிவெடுத்து, ஊரின் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் ஸ்கூல் போர்டுக்கு விண்ணப்பம் எழுத உட்காருவார்கள். முதல் பத்துப் பக்கத்தில் உலகமயமாதல், குழந்தைகளின் மூளை வளர்ச்சி, நாளைய வேலைவாய்ப்பு எல்லாம் வந்துவிடும். போர்டு உறுப்பினர்கள் அதைப் புரட்டிவிட்டு நேராகப் பின்பக்கத்துக்குப் போவார்கள். யார் படிக்க வருவார்கள், யார் சொல்லித்தருவார்கள், காசு எங்கே என்பதைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். அங்கேதான் பெரும்பாலான விண்ணப்பங்கள் சறுக்குகின்றன.

மொழியைத் தேர்ந்தெடுப்பதிலேயே கோளாறு தொடங்கிவிடுகிறது. குழுவில் யாருக்கு எந்த மொழி பிடிக்கும் என்று பார்த்து மாண்டரின், பிரெஞ்சு, அரபி என்று அடுக்குவார்கள். நாலு மொழியை வாரத்துக்கு அரைமணி நேரம் தொட்டால் வணக்கமும் வண்ணங்களின் பெயரும்தான் மிஞ்சும். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும்போது ஸ்பானிஷுக்கு 600 முதல் 750 வகுப்பு மணி நேரமும், மாண்டரின், ஜப்பானிய மொழி, அரபிக்கு ஏறக்குறைய 2200 மணி நேரமும் கணக்கு வைத்தது. அதுவும் வேறு வேலை இல்லாமல் படிக்கும் பெரியவர்களுக்கு. அதனால்தான் வேர்விட்ட பள்ளிகள் மொழியைத் தனிப் பாடமாக வைப்பதில்லை. கணக்கையும் அறிவியலையும் அந்த மொழியிலேயே நடத்துகின்றன. சியாட்டிலில் 2000இல் தொடங்கிய ஜான் ஸ்டான்ஃபோர்ட் சர்வதேசப் பள்ளி எடுத்துக்கொண்டது இரண்டே மொழிகள், ஸ்பானிஷும் ஜப்பானியமும். பாதி நாள் அந்த மொழி, மீதி நாள் ஆங்கிலம்.

சரி, சொல்லித்தர யார் இருக்கிறார்கள்? மொழி தெரிந்தவர் எல்லாம் ஆசிரியர் ஆகிவிட முடியாது. கலிபோர்னியாவில் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கான சான்றிதழோடு, அந்த மொழியில் பாடம் நடத்த இருமொழித் தகுதியும் தனியாக வேண்டும். ஸ்பானிஷுக்கே ஆள் தேடி அலைகிறார்கள். மாண்டரினுக்குக் கேட்கவே வேண்டாம். “வெளிநாட்டிலிருந்து வரவழைப்போம்” என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்துபோகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. ஜே-1 விசாவில் வரும் ஆசிரியர் மூன்று ஆண்டு இருக்கலாம், நீட்டித்தால் ஐந்து. அப்புறம் ஊர் திரும்பத்தான் வேண்டும். பள்ளியின் முதல் கிண்டர்கார்டன் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பை முடிப்பதற்குள் முதல் ஆண்டு வந்த ஆசிரியர் அத்தனை பேரும் போயிருப்பார்கள்.

மயாமியின் கோரல் வே பள்ளியில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1963இல் அங்கே ஸ்பானிஷ், ஆங்கிலம் இரண்டிலும் பாடம் தொடங்கியபோது, கியூபாவிலிருந்து வெளியேறி வந்த குடும்பங்கள் அந்த ஊரில் நிறைந்திருந்தன. அவர்களில் ஆசிரியர்களாக இருந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு மயாமி பல்கலைக்கழகம் மறுபயிற்சி கொடுத்தது. ஃபோர்டு அறக்கட்டளை பணம் கொடுத்தது. பிள்ளைகளும் அங்கே, ஆசிரியர்களும் அங்கே. மொழியை யாரும் வரைபடத்தில் தேடவில்லை. உங்கள் விண்ணப்பத்திலும் ‘யார் சொல்லித்தருவார்கள்’ என்ற இந்த ஒரு பகுதியை மற்ற எல்லாவற்றையும்விட நீளமாக எழுதுங்கள் என்பேன்.

அடுத்தது எண்ணிக்கை. இது வெறும் கூட்டல் கழித்தல்தான், ஆனால் பலரும் போட்டுப் பார்ப்பதில்லை. கிண்டர்கார்டனில் 24 பேர் வீதம் இரண்டு வகுப்பு, ஆக 48 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். கிண்டர்கார்டனோடு ஐந்தாம் வகுப்பு வரை ஆறு நிலைகள். எனவே 288 பேருக்கு பட்ஜெட் போட்டுவிடுவார்கள். ஆனால் ஒன்றாகச் சேர்ந்த அந்த 48 பேரிலிருந்து ஆண்டுக்கு நாலு குடும்பம் ஊர் மாறினால்? அந்த இடத்தில் புதுப் பிள்ளையைச் சேர்ப்பது சிரமம். அதுவரை ஸ்பானிஷே கேட்டிராத பிள்ளை மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தால் அறிவியல் பாடம் எப்படிப் புரியும்? ஐந்தாம் வகுப்பில் மிஞ்சுவது 28 பேர், மொத்தம் 228. அறுபது பிள்ளைகளுக்கான பணம் வராது. கலிபோர்னியாவில் அன்றாட வருகையைச் சராசரி பார்த்துத்தான் பணமே வருகிறது என்பதால் ஓட்டை இன்னும் பெரிதாகும். போர்டின் நிதி அதிகாரி இதை இரண்டு நிமிடத்தில் போட்டுவிடுவார். நீங்களே முன்கூட்டிப் போட்டு, முதல் ஆண்டில் கூடுதலாக ஒரு வகுப்பு வைப்பதா, செலவைக் குறைப்பதா என்று எழுதிவிடுவது மரியாதை.

கையெழுத்து வேட்டையும் ஏமாற்றும். கலிபோர்னியாவில் சார்ட்டர் பள்ளிக்கு, அதாவது அரசுப் பணத்தில் தனிக் குழு நடத்தும் பள்ளிக்கு மனுப் போட, முதல் ஆண்டு எதிர்பார்க்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையில் பாதி அளவுக்காவது பெற்றோர் கையெழுத்து வேண்டும். இல்லையென்றால் முதல் ஆண்டு வேலைக்கு எடுக்கவிருக்கும் ஆசிரியர்களின் எண்ணிக்கையில் பாதி அளவுக்காவது ஆசிரியர்களின் கையெழுத்து. தன் பிள்ளையை அனுப்ப உண்மையான ஆர்வம் உண்டு என்றுதான் பெற்றோர் கையெழுத்திடுகிறார். நடப்பில் என்ன ஆகிறது? கோயில் வாசலில், பிறந்தநாள் விருந்தில் என்று நட்புக்காகப் போடுகிறார்கள். அவர்கள் பிள்ளைகள் ஏற்கெனவே நல்ல பள்ளியில் இருக்கும். ஆங்கிலம் கற்றுவரும் குடிபெயர்ந்த குடும்பங்களை யாரும் போய்ப் பார்ப்பதே இல்லை. இருமொழி வகுப்பில் இரண்டு மொழிக்காரர்களும் குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது இருந்தால்தான் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பார்கள். அந்தக் குடிபெயர்ந்த குடும்பங்களின் கையெழுத்து இல்லாத மனுவைப் பார்த்ததும், வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளியா என்று போர்டு கேட்கும். நியாயமான கேள்விதான். சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு என்பதையும் அதே மூச்சில் கேட்பார்கள்.

அக்கம்பக்கத்தாரை மறந்துவிட்டும் போகக்கூடாது. நியூயார்க்கில் 2007இல் அரபி மொழிக்காகத் தொடங்கிய கலீல் ஜிப்ரான் பள்ளியை முதலில் வேறொரு பள்ளியின் கட்டடத்தில் வைக்கப் பார்த்தார்கள். அங்கிருந்த பெற்றோர் இடம் போதாது என்று எதிர்க்க, வேறு கட்டடம் தேட வேண்டியதாயிற்று. அப்புறம் அரசியல் புகுந்து, பள்ளி திறக்கும் முன்பே தலைமையாசிரியர் பதவி விலகினார். அதே ஆண்டு ஃபுளோரிடாவில் பென் கம்லா என்ற ஹீப்ரு பள்ளி திறந்தது. பாடத்தில் மதம் கலக்கிறதா என்று பார்க்க, உள்ளூர் போர்டு ஹீப்ரு வகுப்புகளைச் சில வாரம் நிறுத்தி வைத்தது. மொழியோடு மதமும் அரசியலும் ஒட்டிவரும் என்று தெரிந்தால், முழுப் பாடத்திட்டத்தையும் யாரும் கேட்கும் முன்பே மேசையில் வைத்துவிடலாம்.

ஆங்கில மதிப்பெண் விஷயத்தில் பூசி மெழுகுகிறவர்களும் உண்டு. முதல் வகுப்புகளில் பெரும்பகுதி வேற்று மொழியில் நடந்தால், மூன்றாம் வகுப்பு மாநிலத் தேர்வில் ஆங்கிலம் கொஞ்சம் பின்தங்கலாம். பெரும்பாலும் பிறகு ஈடாகிவிடுகிறது. கனடாவின் செயின்ட் லாம்பர்ட்டில் 1965இல் ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகள் 26 பேரோடு தொடங்கிய பிரெஞ்சு வகுப்பில் ஆங்கிலப் பாடமே இரண்டாம் வகுப்பில்தான் வந்தது. தொடக்கப் பள்ளி முடிவதற்குள் அவர்கள் ஆங்கிலத்தில் மற்றவர்களை எட்டிவிட்டார்கள். முதலிலேயே சொன்னால் அது திட்டம். மூன்றாம் ஆண்டு கேட்டபின் சொன்னால் சாக்கு.

அந்த செயின்ட் லாம்பர்ட் பெற்றோரையும் போர்டு முதலில் திருப்பித்தான் அனுப்பியது. அவர்கள் மக்கில் பல்கலைக்கழகத்து உளவியலாளர் வாலஸ் லாம்பர்ட்டின் ஆதரவைத் தேடிப்பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பப் போனார்கள். கூடிப் பேசத் தொடங்கியதிலிருந்து வகுப்பு திறக்க இரண்டு ஆண்டு ஆயிற்று. வரும் ஆகஸ்டிலேயே திறப்போம் என்று எழுதியிருந்தால் அந்தத் தேதியைத் திருத்திவிடுங்கள்.