புல் வெட்டும் இன்ஜினை மாடல் விமானத்துக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புல் வெட்டும் கருவி, இலை ஊதும் கருவி ஆகியவற்றின் 25 முதல் 35 சிசி டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்கள் பெரிய மாடல் விமானங்களுக்கு நன்றாகவே ஒத்துவரும். கெடுவது பெரும்பாலும் கழற்றும்போதுதான். எடையைக் குறைக்கும் ஆர்வத்தில் உறை, விசிறி, கிளட்ச் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அவை செய்துவந்த வேலைக்கு மாற்று வைக்க மறந்துவிடுகிறார்கள்.

அதிகத் தவறு நடப்பது ஃப்ளைவீலில், அதாவது காந்தத்தோடு ஷாஃப்டில் சுழலும் கனச் சக்கரத்தில். விசிறி இதழ்களை லேத்தில் கடைந்து எடுக்கலாம். காந்தத்துக்கு எதிர்ப்புறம் உள்ள கனமான பகுதியை மட்டும் தொடக்கூடாது. சமநிலைக்காகவே அது அங்கே இருக்கிறது. அது குறைந்தால் அதிர்வில் பேரிங் சீக்கிரம் போய்விடும். கடைந்தபின் சமநிலையைக் கட்டாயம் சோதியுங்கள். பொறிக்கான மின்சாரம் தரும் காயிலுக்கும் காந்தத்துக்கும் இடையே சுமார் 0.3 மி.மீ. இடைவெளி விட்டு மாட்டுங்கள்; தடித்த விசிட்டிங் கார்டைச் செருகிப் பார்த்தால் தெரியும். ஃப்ளைவீல் நழுவாமல் பிடிக்க ஷாஃப்டில் உள்ள சிறிய கீயை (ஆப்பை) விட்டுவிட்டு நட்டை மட்டும் இறுக்குவது ஆபத்து. ஃப்ளைவீல் சற்றே நழுவினாலும் பற்றவைப்பு நேரம் மாறும். ஸ்டார்ட் செய்யும் கையை ப்ரொப்பெல்லர் திருப்பி அடிக்கும்.

சுழலும் திசையையும் முதலிலேயே பாருங்கள். சாதாரண ப்ரொப்பெல்லர் முன்னாலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். இருபுறமும் ஷாஃப்ட் நீளும் இன்ஜினில் எந்தப் பக்கம் மாட்டுவது என்பதை இதுவே தீர்மானிக்கும். ஃப்ளைவீல் மேக்னெட்டோ (காந்தமும் காயிலும் சேர்ந்த பற்றவைப்பு அமைப்பு) ஒரே திசைக்குத்தான் சரியான நேரத்தில் பொறி தரும். ஆகவே இன்ஜினை எதிர்த்திசையில் ஓட்டிச் சமாளிக்க முடியாது.

விசிறி போனபின் குளிர்விப்பது ப்ரொப்பெல்லர் காற்றுதான். முன்பக்கம் பெரிய துளை போட்டால் போதாது. சிலிண்டரின் ஃபின்களுக்கு இடையே காற்று நுழையும்படி தடுப்புத் தகடு வையுங்கள். வெளியேறும் வழி உள்ளே வரும் வழியைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு இருக்கட்டும்.

கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள பிளாஸ்டிக் கட்டை வெப்பம் கடத்தாமல் தடுப்பது, எடுத்துவிடாதீர்கள். கிராங்க்கேஸின் (சிலிண்டருக்குக் கீழே ஷாஃப்ட் சுழலும் அறையின்) அழுத்தத் துடிப்புதான் கார்புரேட்டரின் பம்பை இயக்குகிறது. கேஸ்கட்டைத் திருப்பிப் போட்டு அந்தச் சிறு துளை அடைபட்டால் பெட்ரோல் ஏறாது, இன்ஜின் இரண்டு நொடியில் நின்றுவிடும். பலர் இதை, பெட்ரோல் அளவைச் சரிசெய்யும் கார்புரேட்டர் ஊசி சரியில்லை என்று நினைத்து நாள் முழுக்கத் திருகிக்கொண்டிருப்பார்கள். இரண்டு ஊசிகளையும் மெதுவாக மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து தொடங்குங்கள். த்ராட்டில் ஸ்பிரிங் பலமாக இருந்தால் அதை நகர்த்தும் சிறு மோட்டாரான சர்வோ திணறும். மெல்லிய ஸ்பிரிங் மாற்றுங்கள்.

மெத்தனாலில் ஓடும் குளோ இன்ஜினுக்கான சிலிக்கோன் குழாய் பெட்ரோலில் உப்பிக் கிழியும். பெட்ரோலுக்கென்றே உள்ள குழாயும் டேங்க் அடைப்பும் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 30 மி.லி. டூ-ஸ்ட்ரோக் ஆயில் போதும்.

ப்ரொப்பெல்லர் இல்லாமல் இன்ஜினை ஓட்டாதீர்கள். சுமையின்றி வேகம் எல்லை மீறும். 25 சிசிக்கு 16×8 அல்லது 18×6 ப்ரொப்பெல்லர் பொருந்தும் (முதல் எண் விட்டம், அடுத்தது ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்; இரண்டும் அங்குலத்தில்).

மேக்னெட்டோவை அணைக்க, எட்டும் இடத்தில் கில் சுவிட்ச் கட்டாயம். பற்றவைப்பின் மின் இரைச்சல் ரேடியோவைக் குழப்பாமலிருக்க, ரெசிஸ்டர் ஸ்பார்க் பிளக் போட்டு, த்ராட்டிலுக்கு நைலான் கம்பி கொடுத்து, ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவரை இன்ஜினிலிருந்து 30 செ.மீ.யாவது தள்ளி வையுங்கள். விமானத்தைக் கட்டிவைத்து, இன்ஜின் ஓடும்போதே எல்லா வேகத்திலும் ரேஞ்ச் சோதனை (ரிமோட் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்ற சோதனை) செய்யுங்கள். சர்வோ துள்ளினால் பறக்கவிடாதீர்கள்.