முந்திரித் தோப்பு ஜீப்புக்கு டீசல் இன்ஜின்

தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. காடாம்புலியூர் பக்கம் எங்கள் தோப்பில் முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. அப்பா வைத்திருந்த பழைய மகேந்திரா சி.ஜே. 3பி ஜீப்பில் சங்கிலி கட்டி, ஃபோர் வீல் லோவில் (நான்கு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கும் கியரில்) போட்டு மூன்று மாதம் மரம் இழுத்தோம். கடைசியில் அதன் பெட்ரோல் இன்ஜினில் பிஸ்டன் ஜாம் ஆகி நின்றுவிட்டது. எடைக்குப் போடச் சொன்னார்கள். அந்த வண்டி இல்லாமல் தோப்பு மீண்டிருக்காது, அதனால் எனக்கு மனசு வரவில்லை. டீசல் இன்ஜின் மாற்றினேன், அதுவும் இரண்டு முறை. முதல் முறை தப்பாகப் போனது. அந்தத் தப்பு உங்களுக்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இன்ஜினைத் தேடுவதற்கு முன் வண்டியை அளந்துகொள்ளுங்கள். முதலில் ஆக்ஸிலின் கியர் விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற, ஆக்ஸிலுக்கு விசை கொண்டுவரும் தண்டான ப்ரொபெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது. பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, மற்றதற்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போடுங்கள். மற்ற சக்கரம் நிற்பதால் இரண்டு சுற்றுதான் ஒரு சுற்றுக்குக் கணக்கு. அதனால் தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றிவிட்டு, ப்ரொபெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று சாக்பீஸ் கோடு போட்டு எண்ணுங்கள். எங்கள் வண்டியில் ஐந்தே கால் சுற்றுக்கு மேல் வந்தது, அதாவது 5.38. டாப் கியரில், 6.00-16 டயரோடு, இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் வேகம் மணிக்குச் சுமார் 75 கிலோமீட்டர்தான். 3200 சுற்றிலேயே முழு சக்தி தந்துவிடும் மகேந்திரா டி.ஐ. இன்ஜினை இதில் வைத்தால் நெய்வேலி ரோட்டில் அலறிக்கொண்டே போகும். தோப்பு வேலைக்கு மட்டும் என்றால் அது போதும். நடுவில் ரோட்டிலும் ஓட்ட வேண்டியிருந்ததால் நான் பெஜோ எக்ஸ்.டி.பி. 4.90 என்ற டீசல் இன்ஜினை எடுத்தேன். அதில் நான்கு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 2112 சி.சி. சுற்றும் கூடுதலாகப் போகும். மகேந்திராவே ஜீப்புகளில் போட்டு விற்ற இன்ஜின் என்பதால் அதற்கான நான்கு கியர் பெட்டியும், முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸும் சேர்ந்தே கிடைத்தன. வேன் இன்ஜினை வாங்கி, அதையும் கியர் பெட்டியையும் இணைக்கும் அடாப்டர் பிளேட் கடைந்து மாட்டுகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் இன்ஜினும் கியர் பெட்டியும் ஒரே மையத்தில் இருக்கின்றனவா என்று டயல் கேஜ் (நுண்ணிய விலகலை முள்ளில் காட்டும் அளவி) வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். கொஞ்சம் விலகினாலும் பைலட் பேரிங்கும் கிளட்ச் பிளேட்டும் அடிக்கடி போகும். என் யோசனை, ஒரே வண்டியில் இருந்த இன்ஜின், கியர் பெட்டி, டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றையும் ஒன்றாகவே வாங்குங்கள்.

ஆக்ஸிலையும் மாற்றுவதானால் முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருக்க வேண்டும். ஒன்று 5.38, மற்றது வேறு என்றிருந்தால், ஃபோர் வீல் போட்டதும் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி ஏதாவது ஒன்று உடையும்.

காகித வேலையும் முன்னாலேயே முடிய வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வண்டியில் இப்படி மாற்றம் செய்வதைப் பற்றியதுதான். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒப்புதல் வரும்வரை பழைய இன்ஜினை இறக்காதீர்கள். வாங்கும் பில்லில் இன்ஜின் எண் எழுதியிருக்கட்டும். வேலை முடிந்ததும் ஆர்.சி.யில் இன்ஜின் எண்ணும் எரிபொருளும் மாற வேண்டும்.

சரி, இறக்கும் வேலைக்கு வருவோம். இன்ஜினைத் தூக்கும் சங்கிலிக் கப்பியான செயின் பிளாக்கை முந்திரிக் கிளையில் மாட்டவே மாட்டாதீர்கள், சடக்கென்று முறியும். நாங்கள் புளியமரத்தில் மாட்டினோம். இன்ஜினை எடுப்பதற்கு முன், சமதரையில் நான்கு வில்பட்டைகளின் உயரத்தையும் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புதிய இன்ஜின் ஏறியதும் எங்கள் வண்டி முன்னால் தாழ்ந்தது. முன்பக்கம் ஒரு பட்டை சேர்த்த பிறகுதான் இன்ஜின் அடியில் உள்ள ஆயில் சம்ப்புக்கும் ஆக்ஸிலுக்கும் போதுமான இடைவெளி வந்தது.

நான் முதல் முறை சறுக்கிய இடம் ப்ரொபெல்லர் ஷாஃப்ட். நான்கு கியர் பெட்டி பழைய மூன்று கியர் பெட்டியைவிட நீளம். அந்த ஜீப்புக்கோ முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 80 அங்குலம்தான். அப்போது வேலை செய்த மெக்கானிக் இன்ஜினைப் பழைய மவுண்டிங்குக்கு மேலேயே உட்கார வைத்து, பின் ஷாஃப்டை வெட்டிச் சின்னதாக்கிவிட்டார். ஷாஃப்ட் குட்டையாக ஆக அதன் சாய்வு கூடும். பலா ஏற்றிக்கொண்டு வரப்பு ஏறும்போது டொக் என்று ஒரு சத்தம், ஷாஃப்ட் முனையில் வளைந்து கொடுக்கும் யூ ஜாயிண்டின் சிலுவைத் துண்டு (கிராஸ்) இரண்டாக உடைந்து ஷாஃப்ட் தரையில் இழுபட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த பையனுக்கு அடிபடாமல் போனது அதிர்ஷ்டம்.

இரண்டாம் முறை இன்ஜினை இரண்டு அங்குலம் முன்னால் தள்ளினேன். ரேடியேட்டரில் ஃபேன் இடிக்காமல் இருக்க, இன்ஜின் ஃபேனைக் கழற்றிவிட்டு மின்விசிறி போட்டேன். மவுண்டிங்கை உடனே முழுசாக வெல்டிங் வைக்காமல் புள்ளி வைத்து மட்டும் நிறுத்தினேன். வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கி நான்கு சக்கரத்திலும் நிற்க வைத்து, செல்போனில் உள்ள மட்டம் பார்க்கும் வசதியால் சாய்வை அளந்தேன். டிரான்ஸ்ஃபர் கேஸ் முனையும் பின் ஆக்ஸில் முனையும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள கவைகள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும், ஒரு பல் மாற்றி மாட்டினாலும் வண்டி அதிரும். ஷாஃப்ட் நீண்டு சுருங்க உதவும் ஸ்லிப் யோக் உள்ளே ஓர் அங்குலம் ஓட இடம் விடுங்கள். இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் முழு வெல்டிங். மவுண்டிங்கில் ரப்பர் கட்டாயம், இரும்போடு இரும்பு வைத்தால் சேசிஸ் விரிசல் விடும்.

பெட்ரோல் டேங்கை அப்படியே வைத்துக்கொள்ளலாம், ஆனால் உள்ளே பல வருடத் துருவும் கசடும் இருக்கும், டீசல் அவற்றைக் கிளப்பிவிடும். டேங்கைக் கழற்றிக் கழுவிவிட்டு, தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றையும் சேர்த்துப் போடுங்கள். பம்பிலிருந்து மிஞ்சும் டீசல் டேங்குக்குத் திரும்ப ஒரு குழாய் வேண்டும், பழைய டேங்கில் அது இருக்காது. முதல் முறை ஸ்டார்ட் செய்யும் முன் ஃபில்டர் மேல் உள்ள ஸ்குருவைத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்துங்கள். நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை அழுத்த வேண்டும்.

சாவியைத் திருப்பினால் மட்டும் இந்த இன்ஜின் நிற்காது, எரிபொருளை அடைக்கும் ஸ்டாப் கேபிளை டேஷ்போர்டு வரை இழுத்துவிடுங்கள். ஸ்டார்ட் செய்யும் முன் இன்ஜினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் இருப்பதால் பேட்டரியும் வயரும் பழையதைவிடக் கனமானவையாக வேண்டும். கிளட்ச் லீவர், ஆக்சிலரேட்டர் கம்பி எல்லாம் ஒரு நாள் லேத்து வேலை.

அப்புறம் முதல் 500 கிலோமீட்டர். நான் 50, 200, 500 என்று மூன்று முறை அடியில் படுத்து, மவுண்டிங் போல்ட், யூ ஜாயிண்ட் கிளாம்ப், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில் மூன்றையும் பார்த்தேன். 200இல் பின் கிளாம்ப் போல்ட் ஒன்று கால் சுற்று தளர்ந்திருந்தது. அதை முடுக்கிவிட்டுத்தான் பண்ருட்டி மண்டிக்குப் பலா ஏற்றினேன்.