மியாட்டாவின் கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் ஆயிலை வீட்டிலேயே மாற்றுவது

வடிக்கும் பிளக்கில் கை வைக்கும் முன், ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். மற்ற எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. பழைய ஆயிலை முழுக்க வடித்த பிறகு மேலே உள்ள பிளக் துருவேறி அசைய மறுத்தால், வண்டி ஆயிலில்லாத கியர்பாக்ஸோடு ஜாக் ஸ்டாண்டின் மேல் நிற்கும். பிறகு இழுவை வண்டியைக் கூப்பிடத்தான் வேண்டும். ஊற்றும் பிளக் திறக்காவிட்டால் அன்றைக்கு வேலையைத் தொடங்க வேண்டாம். பழைய ஆயிலோடு ஓட்டிப் போய் ஒரு பட்டறையில் அந்த ஒரு பிளக்கை மட்டும் தளர்த்தி வாருங்கள்.

இங்கே சொல்லும் அளவுகள் மாஸ்டா எம்எக்ஸ்-5 மியாட்டாவின் முதல் இரண்டு தலைமுறைகளுக்கு உரியவை: 1989 முதல் 1997 வரை வந்த என்ஏ, 1998 முதல் 2005 வரை வந்த என்பி. முன்னால் என்ஜின், பின்சக்கர இயக்கம், அடியில் நல்ல இடம் என்று வீட்டில் கை வைக்கத் தோதான வண்டி. பதற்றமில்லாமல் செய்தால் ஒரு காலை வேளை போதும். சுமார் 50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றலாம். பந்தயப் பாதையில் ஓட்டும் வண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

எவ்வளவு, எந்த ஆயில்

ஐந்து கியர் பெட்டிக்கு 2.0 லிட்டர், ஆறு கியர் பெட்டிக்கு ஏறத்தாழ 1.8 லிட்டர். டிஃபரன்ஷியலில், அதாவது இயக்கத்தை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டியில், இரண்டு அளவு உண்டு. 1.6 லிட்டர் என்ஜினோடு வந்த சிறிய 6 அங்குல டிஃபரன்ஷியல் 0.65 லிட்டர் பிடிக்கும். 1.8 லிட்டர் என்ஜினோடு வந்த 7 அங்குலத்துக்கு 1.0 லிட்டர். பழைய வண்டிகளில் முந்தைய உரிமையாளர் பெரியதை மாற்றிப் பொருத்தியிருக்கலாம். அதனால் என்ஜினை மட்டும் வைத்து அளவை முடிவு செய்யாதீர்கள்.

வாங்கும்போது ஒரு கணக்கு இடிக்கும். அமெரிக்கச் சந்தையின் குவார்ட் பாட்டிலில் 946 மில்லிலிட்டர்தான் இருக்கும். இரண்டு பாட்டில் சேர்ந்தால் 1.89 லிட்டர், அதாவது ஐந்து கியர் பெட்டிக்கு 110 மில்லிலிட்டர் குறைவு. மூன்று பாட்டிலாக வாங்குங்கள். மிச்சம் வீணாகாது, கியர் கம்பியின் அடியிலும் ஊற்ற வேண்டியிருக்கிறது. பெரிய டிஃபரன்ஷியலுக்கும் ஒரு பாட்டில் மயிரிழையில் போதாது, இரண்டாக வாங்குங்கள்.

இரண்டு இடத்துக்கும் 75டபிள்யூ-90 தடிமன் பொருந்தும். ஆனால் தரக்குறி வேறு. டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5தான். அதன் ஹைபாய்டு பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே அழுத்தும், அந்த அழுத்தத்தைத் தாங்கக் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்க்கைப் பொருள் நிறைய வேண்டும். கியர்பாக்ஸின் கதை நேர்மாறு. அங்கே சிங்க்ரோ வளையம் கியரின் கூம்பைப் பிடித்து உரசினால்தான் இரண்டின் வேகமும் ஒன்றாகும். ஆயில் அளவுக்கு மீறி வழுக்கினால் வளையம் பிடிக்கத் தாமதமாகி, குளிர்ந்த வண்டியில் இரண்டாம் கியர் கரகரக்கும். கந்தகச் சேர்க்கை செப்புக் கலவை உலோகங்களுக்கும் உகந்ததல்ல. மாஸ்டாவின் கையேடு இந்தக் கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4, ஜிஎல்-5 இரண்டையும் அனுமதிக்கிறது. ஆனாலும் நம் பரிந்துரை ஜிஎல்-4தான். ரெட்லைன் எம்டி-90 இந்த வகையில் பலரும் ஊற்றுவது.

உங்கள் டிஃபரன்ஷியலில் எல்எஸ்டி (ஒரு பின்சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) இருந்து, அது டார்சன் வகையானால் தனியாக எந்தச் சேர்க்கையும் வேண்டாம், அது பற்சக்கரங்களாலேயே வேலை செய்கிறது. தட்டு அல்லது கூம்பு வகை எல்எஸ்டியாக இருந்தால், உரசலைச் சீராக்கும் சேர்க்கை கலந்த ஆயில் வேண்டும். இல்லையென்றால் மெதுவாகத் திரும்பும்போது பின்னால் கடகடவென்று அதிரும்.

கருவிகளில் முக்கியமானது 24 மி.மீ. ஆறுமுக சாக்கெட். சில டிஃபரன்ஷியல் பிளக்குகளுக்கு 23 மி.மீ. சரியாக உட்காரும், வாங்கும் முன் அளந்து பாருங்கள். பன்னிருமுக சாக்கெட்டும் அட்ஜஸ்டபிள் ஸ்பேனரும் இறுகிய பிளக்கின் முனைகளை மழுக்கிவிடும். இறுகிய பிளக்கைத் தளர்த்த நீளமான பிரேக்கர் பார், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச், நான்கு புதிய வாஷர்கள், பாட்டிலில் திருகும் கைப்பம்பு, 4 லிட்டராவது கொள்ளும் தட்டு, நிறையக் கந்தைத் துணி. வாஷர் ஒருமுறை நசுங்கியதுதான், திருப்பிப் போடாதீர்கள்.

வண்டியைத் தூக்குவது

பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். வெதுவெதுப்பான ஆயில் சீக்கிரம் வடியும், அடியில் தங்கிய கசடும் கலந்து வெளியேறும். பிறகு சைலன்ஸர் குழாய் தொடும் சூட்டுக்கு ஆறட்டும், கைகள் அதன் பக்கத்திலேயே இருக்கப் போகின்றன.

நான்கு ஸ்டாண்டும் வேண்டும். முன்பக்கத்தை மட்டும் தூக்கினால் ஆயில் பின்பக்கம் ஒதுங்கி அளவு பொய் சொல்லும். முன்னால் குறுக்குச் சட்டத்தின் நடுவிலும் பின்னால் டிஃபரன்ஷியலின் அடியிலும் ஜாக்கை வைத்துத் தூக்கி, பக்கவாட்டு விளிம்பில் குறியிட்ட இடங்களில் ஸ்டாண்டை நிறுத்துங்கள். கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இணைத்து நீளமாக ஓடும் அலுமினியச் சட்டத்தில் ஜாக்கை வைக்கவே கூடாது. பின்சக்கரம் காற்றில் இருக்கும்போது கைப்பிரேக் வண்டியைப் பிடிக்காது, அதனால் சக்கரம் தரையில் இருக்கும்போதே கட்டை கொடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றிய பிறகு வண்டியைக் கையால் பலமாக ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் அடியில் போக வேண்டாம். ஹாலோ பிளாக் கல்லை ஸ்டாண்டாக நினைக்கவே வேண்டாம், அது முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும்.

கியர்பாக்ஸ்

ஊற்றும் பிளக் பெட்டியின் பக்கவாட்டில், வடிப்பது அடியில். பக்கத்திலேயே ஒயர் போகும் சுவிட்சுகள் இருக்கும், அவற்றைப் பிளக் என்று நினைத்துத் திருகாதீர்கள். சாக்கெட்டை முழுக்க உட்கார வைத்து, பிரேக்கர் பாரை ஒரே சீராக அழுத்துங்கள். அசையாவிட்டால் துரு நீக்கும் எண்ணெயைத் தெளித்து ஒரு மணி நேரம் விட்டு, பிளக்கின் தலையில் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டி மறுபடி முயலுங்கள்.

மேலது திறந்ததும் கீழதைக் கழற்றுங்கள். கடைசி மரைகளைக் கையால் திருப்பும்போது பிளக்கை உள்நோக்கி அழுத்திப் பிடித்திருந்து, சட்டென்று விலக்கினால் முழங்கை நனையாது. முதலில் பீறிட்டு வரும் ஆயில் நீங்கள் நினைத்ததைவிடத் தள்ளி விழும், தட்டை அதற்கேற்ப வையுங்கள். கால் மணி நேரம் சொட்டட்டும்.

அதற்குள் பிளக்கையும் ஆயிலையும் பாருங்கள். பிளக்கில் காந்தம் இருந்து, அதில் சாம்பல் நிறத்தில் மைபோல் படிந்திருப்பது இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் சிராய்களோ பல்லின் துண்டோ கிடைத்தால், புது ஆயில் அதைக் குணப்படுத்தாது. ஆயிலில் பித்தளைப் பொடி மின்னினால் சிங்க்ரோ தேய்கிறது. பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அப்போது புது ஆயிலை ஊற்றிச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டி மறுபடியும் மாற்றுங்கள்.

வடிக்கும் பிளக்கைப் புது வாஷரோடு முதலில் விரலால் முடிந்தவரை திருகி, பிறகு 45 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். பெட்டி அலுமினியம். கையின் வேகத்தில் இறுக்கி மரை போய்விட்டால், நூறு ரூபாய் வாஷர் வேலை பெட்டியைக் கழற்றும் வேலையாகிவிடும்.

நிரப்ப இரண்டு வழி. கைப்பம்பால் அடியிலிருந்து தள்ளலாம். அல்லது என்ஜின் அறையிலிருந்து ஒரு நீளமான தெளிவான குழாயை ஊற்றும் துளைக்குள் விட்டு, மேலே புனலில் ஊற்றலாம். ஒருவர் மேலே, ஒருவர் கீழே என்றால் இரண்டாவதுதான் சுலபம். குளிர்காலத்தில் பாட்டிலைச் சுடுதண்ணீரில் பத்து நிமிடம் வைத்தெடுத்தால் ஆயில் முரண்டு பிடிக்காது. துளையின் கீழ் உதட்டிலிருந்து மெல்லிய இழையாக வழியத் தொடங்கி, அது சொட்டாகக் குறையும்போது நிறுத்துங்கள். எவ்வளவு உள்ளே போனது என்பதையும் கணக்கு வையுங்கள். 1.4 லிட்டரிலேயே வழிந்தால் வண்டி சமமாக இல்லை, அல்லது பழையது முழுக்க வடியவில்லை. ஊற்றும் பிளக்குக்கு 30 நியூட்டன் மீட்டர் போதும்.

டிஃபரன்ஷியல்

வரிசை அதே: மேலது திற, கீழது வடி, துடை, மூடு, நிரப்பு. இரண்டு பிளக்குக்கும் 45 நியூட்டன் மீட்டர். ஜிஎல்-5 நாற்றம் துணியிலும் முடியிலும் நாள் கணக்கில் தங்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இங்கே மேலிருந்து குழாய் விட வசதியில்லை, பம்புதான்.

கூடவே காற்றுத்துளையையும் பாருங்கள். அது மண்ணால் அடைத்திருந்தால், சூடேறும்போது உள்ளே பெருகும் காற்று வெளியேற வழியின்றி ஆயிலை ஆக்ஸில் சீல் வழியாகத் தள்ளும். புது ஆயில் ஊற்றியதும் சீல் கசிகிறது என்று பலர் புலம்புவதற்கு ஒரு காரணம் இது, இன்னொன்று அளவுக்கு மேல் நிரப்பியது.

கியர் கம்பியின் அடி

பெரும்பாலோர் விட்டுவிடும் இடம் இது. ஐந்து கியர் பெட்டியில் கியர் கம்பி உட்காரும் குழிக்கென்று தனியாக ஆயில் உண்டு. கீழே ஊற்றியது அங்கே போய்ச் சேராது. கியர் மாற்றும்போது கம்பி மணலில் நடப்பதுபோல் இருந்தால், பெட்டியின் ஆயிலைவிட இந்தக் குழிதான் காரணமாக இருக்கும்.

நியூட்ரலில் வைத்து, நடுக் கன்சோலையும் ரப்பர் உறைகளையும் 10 மி.மீ. போல்ட்டுகளையும் கழற்றிக் கம்பியை நேராக மேலே உருவுங்கள். உள்ளே இருக்கும் கறுத்த கசடைச் சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டு, கியர்பாக்ஸுக்கு ஊற்றிய அதே ஆயிலை 80 முதல் 95 மில்லிலிட்டர் ஊற்றுங்கள். கம்பி நுனியில் உள்ள நைலான் புஷ் உடைந்திருந்தால் மாற்றுங்கள். கீழ் ரப்பர் உறை கிழிந்திருந்தால் கோடையில் கியர் குமிழியே சுடும், அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

வண்டியை இறக்கி, எல்லா கியரையும் போட்டு ஒரு சுற்று ஓட்டி வந்து, நான்கு பிளக்கையும் காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். மறுநாள் காலையிலும் ஒருமுறை. பழைய ஆயிலை மூடியுள்ள கேனில் ஊற்றி வையுங்கள், கூலன்டோடோ பிரேக் ஆயிலோடோ கலந்தால் சேகரிப்பு மையத்தில் வாங்க மாட்டார்கள்.