எம்டிஎம்2 லைகேஸ் உயிரோடு இருக்கிறதா? சோதித்துப் பார்க்கும் முறை

ஜெல்லில் ஒரே ஒரு பட்டை. செறிவும் போதுமான அளவு. ஆனால் ரியாக்‌ஷனில் போட்டால் ஒன்றுமே நடக்கவில்லை. மற்ற புரதங்கள்மீது யுபிகுவிட்டின் என்ற சிறு புரதத்தை ஒட்டும் லைகேஸ் நொதிதான் எம்டிஎம்2. பாக்டீரியாவில் தயாரித்த மனித எம்டிஎம்2 புரதத்தோடு மூன்று வாரம் இப்படித்தான் அல்லாடினேன். காரணம் பிடிபட்டபின் இதே முறையில் நாலு தடவை செய்துவிட்டேன், நாலும் சரியாக வந்தன.

இ1 நொதி ஏடிபியைச் செலவழித்து யுபிகுவிட்டினைத் தயார் செய்து இ2 என்ற அடுத்த நொதியிடம் கொடுக்கும். லைகேஸ், அதாவது இ3, அந்த இ2வையும் இலக்குப் புரதத்தையும் பக்கத்தில் கொண்டுவந்து சேர்க்கும். இலக்கு எதுவும் இல்லையென்றால் எம்டிஎம்2 தன்மீதே யுபிகுவிட்டினை ஒட்டிக்கொள்ளும். நமக்கு அதுவே போதும்.

முதலில் புரதத் தயாரிப்பு. பாக்டீரியாவைப் புரதம் தயாரிக்கத் தூண்டும் ஐபிடிஜி சேர்க்கும்போதே வளர்ப்பு ஊடகத்தில் 50 மைக்ரோமோலார் துத்தநாக குளோரைடும் சேருங்கள். 18 டிகிரியில் இரவு முழுவதும் வளரட்டும். புரதத்தைச் சுத்திகரிக்க அதோடு இணைக்கும் டேக்குகளில், ஹிஸ் டேக்கைவிட எனக்கு ஜிஎஸ்டி டேக்தான் பிடிக்கும். ஜிஎஸ்டி இரண்டிரண்டாகச் சேரும் புரதம், எம்டிஎம்2வின் லைகேஸ் வேலையைச் செய்யும் ரிங் பகுதியும் அப்படித்தான். ஜிஎஸ்டி புரதத்தைக் கடைசியில் விடுவிக்கும் பஃபரில் குளுட்டதயோன் கரைத்ததும் அது அமிலமாகிவிடும். அதனால் பிஹெச்சை மறுபடி 8க்குக் கொண்டுவாருங்கள்.

நான் மாட்டிக்கொண்டது செல்களை உடைக்கும் கட்டத்தில். புரதச்சிதைவைத் தடுக்கப் போடும் மாத்திரைகளில் இரண்டு வகை உண்டு, ஒன்றில் உலோக அயனிகளைக் கவ்விப்பிடிக்கும் ஈடிடிஏ இருக்கும், மற்றொன்றில் இருக்காது. அலமாரியில் கைக்குக் கிடைத்ததைப் போட்டேன். ஈடிடிஏ இருப்பது தெரிந்தும் அலட்டிக்கொள்ளவில்லை. 1 மில்லிமோலார்தானே, ரியாக்‌ஷனில் 5 மில்லிமோலார் மக்னீசியம் இருக்கிறதே, மிச்சம் போதும் என்று கணக்குப் போட்டேன். மக்னீசியத்துக்கு அந்தக் கணக்கு சரி. ஆனால் ரிங் பகுதியை மடித்துப் பிடித்திருப்பவை இரண்டு துத்தநாக அயனிகள். ஈடிடிஏ மக்னீசியத்தைவிடத் துத்தநாகத்தைப் பல கோடி மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும். துத்தநாகம் போனால் ரிங் குலைந்துவிடும். எஸ்டிஎஸ் ஜெல்லில் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் எல்லாப் புரதத்தையும் பிரித்துப் போட்டுத்தான் அங்கே ஓட்டுகிறோம். பிறகு துத்தநாகத்தைச் சேர்த்துப் பார்த்தேன். அந்தப் புரதம் மீளவில்லை. மாத்திரை டப்பாவில் ‘ஈடிடிஏ இல்லாதது’ என்று இருக்கிறதா என்று படித்துவிட்டே திறங்கள். புரதத்தைச் சுத்திகரிக்கும் குழாய் (column) பலரும் பொதுவில் பயன்படுத்துவது என்றால், முன்னால் ஓட்டியவர் எந்த பஃபரில் விட்டுப்போனார் என்றும் கேளுங்கள்.

இனி ரியாக்‌ஷன், 30 மைக்ரோலிட்டர். கடைசிச் செறிவுகள்: டிரிஸ் 50 மில்லிமோலார் (பிஹெச் 7.5), மக்னீசியம் குளோரைடு 5 மில்லிமோலார், டிசிஇபி 0.5 மில்லிமோலார், இ1 100 நானோமோலார், இ2 1 மைக்ரோமோலார், யுபிகுவிட்டின் 50 மைக்ரோமோலார், எம்டிஎம்2 0.5 மைக்ரோமோலார். இ2வுக்கு யூபிஇ2டி2 எடுங்கள். எல்லா இ2வும் எல்லா லைகேஸோடும் சேராது, எம்டிஎம்2வோடு இது நன்றாகச் சேரும். எல்லாவற்றையும் ஐஸில் வைத்துக் கலந்துவிட்டு, ஏடிபியைக் கடைசியில் 2 மில்லிமோலாருக்குச் சேருங்கள். ஏடிபி உப்பைத் தண்ணீரில் கரைத்தால் நல்ல அமிலமாக இருக்கும். பிஹெச்சை 7க்குக் கொண்டுவந்த பிறகே சிறு டியூப்களில் பிரித்து உறைய வையுங்கள்.

37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து 0, 15, 30, 60 நிமிடங்களில் மாதிரி எடுங்கள். டிடிடி (ஒடுக்கும் வேதிப்பொருள்) உள்ள எஸ்டிஎஸ் பஃபரில் நிறுத்துங்கள். டிடிடி இல்லையென்றால் இ2வில் தற்காலிகமாக ஒட்டியிருக்கும் யுபிகுவிட்டின் 25 கிலோடால்டன் பக்கம் தனிப் பட்டையாக வந்து குழப்பும்.

இ1 இல்லாமல், இ2 இல்லாமல், இ3 இல்லாமல், ஏடிபி இல்லாமல் என்று நாலு டியூப் கட்டாயம் வேண்டும். இதைத் தவிர்த்தால் முடிவை நம்ப வழியில்லை.

ஜெல்லில் பிரிந்த புரதத்தை ஆன்டிபாடியால் கண்டுபிடிக்கும் பிளாட்டுக்குப் பலரும் யுபிகுவிட்டின் ஆன்டிபாடியையே எடுக்கிறார்கள். நான் முதலில் எம்டிஎம்2 ஆன்டிபாடியைத்தான் போடுவேன். யுபிகுவிட்டின் எதில் ஒட்டியிருந்தாலும் முன்னது ஒளிரும், பின்னது நம் புரதத்தை மட்டும் காட்டும். எம்டிஎம்2வின் 491 அமினோ அமிலங்களுக்குக் கணக்குப்படி வருவது 55 கிலோடால்டன்தான், ஆனால் ஜெல்லில் 90 பக்கம் ஓடும். ஜிஎஸ்டி சேர்ந்தால் இன்னும் மேலே. நேரம் ஆக ஆக அந்தப் பட்டை மங்கி, அதற்கு மேலே லேனின் உச்சிவரை கறுப்புப் புகைபோல் படர்ந்தால் புரதம் உயிரோடு இருக்கிறது.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், இ3 இல்லாத டியூப்பிலும் லேசாகப் புகை வருகிறது என்று எழுதியிருந்தார். யூபிஇ2டி2 அளவு கூடினால் தானாகவே கொஞ்சம் ஒட்டும். இ2வைப் பாதியாகக் குறைத்து 30 நிமிடத்தில் நிறுத்தச் சொன்னேன், அவருக்குச் சரியாகிவிட்டது. இன்னொருவர், தெரிகிற வேலை எம்டிஎம்2வுடையதுதான் என்று எப்படி உறுதியாகச் சொல்வது என்று கேட்டார். ரிங் வேலை செய்யாதபடி 464ஆவது சிஸ்டீனை அலனினாக மாற்றிய எம்டிஎம்2வை அதே நாளில், அதே பஃபரில் தயாரித்துப் பக்கத்து லேனில் ஓட்டுங்கள். அந்த லேனில் புகை வரக்கூடாது.