முயலின் பிடரியைப் பார்ப்பது எப்படி

ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் பாடம் சீக்கிரம் முடிந்து பத்து நிமிடம் மிஞ்சியது. சும்மா விடுவானேன் என்று, பாடப்புத்தகத்தில் இல்லாத புறநானூற்று வரிகள் நான்கைக் கரும்பலகையில் எழுதினேன். 333ஆம் பாட்டின் தொடக்கம் அது:

நீருட் பட்ட மாரிப் பேருறை
மொக்குள் அன்ன பொகுட்டுவிழிக் கண்ண
கரும்பிடர்த் தலைய பெருஞ்செவிக் குறுமுயல்
உள்ளூர்க் குறும்புதல் துள்ளுவன உகளும்

பெரிய மழைத்துளி தண்ணீரில் விழுந்தால் எழும்புமே குமிழி, அந்த மாதிரி புடைத்த கண்ணும் கறுத்த பிடரியும் பெரிய காதும் உள்ள சின்ன முயல், ஊருக்குள் இருக்கும் குட்டைப் புதர்களில் துள்ளித் திரியும் என்று பொருள் சொன்னேன். பின் பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்தான். "டீச்சர், முயல் வெள்ளையாத்தான இருக்கும்? பிடரி எப்படிக் கறுப்பா இருக்கும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். முயல் ஓடுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், பிடரியைப் பார்த்ததில்லை. உரையில் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். ரிட்டயர் ஆன பிறகு, தம்பியின் புஞ்சையில் போய் உட்கார்ந்து, பதினோராவது சாயங்காலம்தான் அந்தக் கறுப்பைக் கண்ணால் பார்த்தேன். உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகாது. நான் செய்த தப்புகளைக் கழித்துக்கொண்டால் மூன்று நான்கு நாளே அதிகம்.

முதலில், கூண்டில் வைத்து விற்கிறார்களே வெள்ளை முயல், அதை மறந்துவிடுங்கள். அது ஐரோப்பிய முயலிலிருந்து வந்த வளர்ப்புப் பிராணி. அதன் காட்டுச் சொந்தங்கள் வளை தோண்டி, அதற்குள் மயிர் முளைக்காத, கண் திறக்காத குட்டி போடும். நம் ஊர்க் காட்டு முயல் வேறு இனம். வளையே தோண்டாது. குட்டி பிறக்கும்போதே மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். 1823இல் பிரெடெரிக் குவியே என்ற பிரெஞ்சுக்காரர் இதற்கு லீபஸ் நிக்ரிகோலிஸ் என்று பெயர் வைத்தார். லத்தீனில் நிக்ரிகோலிஸ் என்றால் கருங்கழுத்து. புறநானூற்றுக்காரர் பல நூறு வருடம் முன்பே வைத்த அடைமொழிதான். அந்தப் பாட்டை எழுதியவர் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. வட இந்தியாவில் இருக்கும் வகைக்கு இந்தக் கறுப்பு கிடையாது. தெற்கத்தி முயலுக்குத்தான் உண்டு. அதனால் அந்த ஆள் யாரோ சொன்னதைக் கேட்டு எழுதவில்லை, நம் பக்கத்து முயலைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார் என்று நான் அடித்துச் சொல்வேன்.

எங்கே போய்த் தேடுவது? மலைக்கும் அடர்ந்த காட்டுக்கும் போக வேண்டாம். 'உள்ளூர்க் குறும்புதல்' என்று பாட்டே இடம் சொல்லிவிட்டது. 322ஆம் பாட்டில், வரகு அறுத்த தாளுக்குள் எலி பிடிக்கப் பையன்கள் வில்லோடு நின்று கத்துகிறார்கள். மிரண்ட முயல் மன்றத்துக்குள் பாய்கிறது, அங்கே இருந்த கரிப்பானைகள் உடைகின்றன. 334ஆம் பாட்டில் அதே மாதிரிப் பையன்கள் போடும் சத்தத்துக்கு முயல் படப்புக்குள் போய் ஒடுங்குகிறது. எங்கள் பக்கம் இன்றைக்கும் வைக்கோல் போரைப் படப்பு என்றுதான் சொல்கிறோம். ஆக மூன்று பாட்டிலும் முயல் இருப்பது மனிதர் குடியிருப்பை ஒட்டித்தான். மானாவாரிப் புஞ்சை, அதை ஒட்டிக் கொஞ்சம் தரிசு, ஓடைக்கரையில் புதர். இந்த மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தால் அங்கே முயல் இருக்கும்.

எங்கள் பக்கம் மாசி, பங்குனிதான் நல்ல சமயம். கம்பும் சோளமும் எடுத்தாயிற்று, தாள் மட்டும் நிற்கும், மறைவு குறைவு. கார்த்திகையில் போனால் பயிர் இடுப்பளவு நிற்கும், யானை நின்றால்கூடத் தெரியாது.

இடத்துக்குப் போனவுடன் முயலைத் தேடாதீர்கள், புழுக்கையைத் தேடுங்கள். இதில் என் தம்பி என்னை இரண்டு நாள் அலைய விட்டான், ஆட்டுப் புழுக்கையைக் காட்டிக் காட்டி. ஆட்டுடையது கொஞ்சம் நீளவாக்கில், வழவழவென்று கறுப்பாக இருக்கும். முயலுடையது உருண்டை, லேசாக அமுக்கிவிட்டது போலத் தட்டை, கிட்டத்தட்ட கொண்டைக்கடலை அளவு. காய்ந்ததை விரலுக்கு நடுவே வைத்து நசுக்கினால் உமி மாதிரி நாராக உதிரும், நாற்றம் இருக்காது. ஏன் இவ்வளவு சக்கையாக இருக்கிறது என்றால், முயல் தின்றதை இரண்டு தடவை செரிக்கிறது. பகலில் படுத்திருக்கும்போது மெத்தென்று ஒரு புழுக்கை வரும். அதைத் தானே வாயில் வாங்கி விழுங்கிவிடும். நம் கையில் உதிர்வது இரண்டாம் தடவையும் சாறு எடுத்த மிச்சம். கேட்க ஒருமாதிரி இருக்கும். மாடு அசைபோடுவதைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லையே!

அடுத்தது கடி. பொழி (வரப்பைத்தான் சொல்கிறேன்) ஓரத்தில் முளைத்த செடிகளைக் குனிந்து பாருங்கள். ஆட்டுக்கு மேல் தாடையில் முன்பல் கிடையாது, அதனால் அது பிய்த்து இழுக்கும், தண்டு நுனி நைந்து தொங்கும். முயல் கடித்த தண்டு பிளேடால் சாய்வாகச் சீவிய மாதிரி இருக்கும். தம்பியின் உளுந்தில் ஒரு வரிசை முழுக்க அப்படிச் சீவியிருந்தது. அவனுக்குக் கோபம், எனக்குச் சந்தோஷம்.

கால்தடம் கரிசலில் லேசில் கிடைக்காது. காய்ந்தால் வெடிப்பு, நனைந்தால் சகதி. வண்டிப்பாதைப் புழுதியிலோ ஓடை மணலிலோ காலையில் பாருங்கள். பின்னே ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு சின்னத் தடம், முன்னே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பெரிய தடம். பெரிசு இரண்டும் பின்னங்கால்கள். தாவும்போது அவை முன்னங்காலைத் தாண்டி முன்னால் விழும். எனவே பெரிய தடம் இருக்கும் பக்கம்தான் முயல் போன பக்கம். பாதத்தின் அடியிலும் மயிர் இருப்பதால் தடம் கொஞ்சம் மழுங்கலாகத்தான் விழும். புழுதியில் முன்னங்கால் தடம் இரண்டும் நெருங்கி ஒன்றாகக் கலந்துவிட்டால் மூன்று தடம்தான் தெரியும். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதித்தவன் ஒருவேளை இதைப் பார்த்துத்தான் சாதித்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பகலில் முயல் படுக்கையில் இருக்கும். படுக்கை என்றால் புல்லுக்கு நடுவே, புதருக்கு அடியில், உடம்பு அமுங்கி உண்டான ஒரு பள்ளம், அவ்வளவுதான். வெறும் படுக்கையைப் பார்த்தால் சந்தோஷப்படுங்கள். முயல் படுத்திருக்கும் படுக்கையைத் தேடிப் போகாதீர்கள். ஒன்று, நீங்கள் மிதிக்கப் போகும் கடைசி நொடி வரை அது அசையாது, பிறகு காலடியிலிருந்து பீறிட்டு ஓடும், உங்கள் நெஞ்சு நின்று போகும். இரண்டு, படுத்திருக்கும்போது அது காதுகளை முதுகோடு ஒட்டச் சாய்த்து வைத்திருக்கும். நாம் பார்க்க வந்த பிடரி அந்தக் காதுகளுக்கு அடியில் மறைந்து போகும். ஓடும்போதோ, ஓட்டம்தான் தெரியும். இத்தனை வருடம் முயலைப் பார்த்தும் நான் பிடரியைப் பார்க்காமல் இருந்தது இதனால்தான்.

காதை நிமிர்த்தி, மேய்ந்துகொண்டு, நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் முயல்தான் வேண்டும். அதற்கு மாலை ஐந்தரைக்கே போய் உட்கார்ந்துவிட வேண்டும். பொழுது சாய்ந்ததும்தான் அது மேய்ச்சலுக்கு எழும்பும். புதரிலிருந்து தாள் காட்டுக்கு அது வழக்கமாக வரும் தடத்தைக் காலையில் புழுக்கை வைத்துக் கண்டுபிடித்திருப்பீர்கள். அந்தத் தடத்துக்குப் பக்கவாட்டில், புதர்ப் பக்கமாக ஒதுங்கி உட்காருங்கள். நம்மைத் தாண்டிக் காட்டுக்குள் போகும்போது முதுகு நம் பக்கம் திரும்பும். நான் முதல் நாலு நாள் எதிரே போய் உட்கார்ந்தேன். முகமும் மார்பும்தான் தெரிந்தன.

காற்று முயலிடமிருந்து நம்மிடம் வர வேண்டும். கொஞ்சம் புழுதியை அள்ளித் தூவிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஐந்தாம் நாள் தலையில் மல்லிகைப்பூவோடு போனேன், வழக்கம் போல. முயல் நாற்பதடி தூரத்தில் மூக்கைத் தூக்கி நின்றது, அப்படியே திரும்பிவிட்டது. ஏழாம் நாள் துணைக்கு வந்த தம்பி பீடி பற்ற வைத்தான். எட்டாம் நாள் வீட்டு நாய் பின்னாலேயே வந்துவிட்டது. அதைத் திட்டி அனுப்புவதற்குள் ஊரே எழுந்துவிட்டது. போனை அணைத்துவிடுங்கள், சைலண்டில் போட்டால் போதாது, மடியில் கிடந்து அதிரும்.

முழுக் காலையும் மூடும் செருப்போ ஷூவோ போடுங்கள். உட்காரும் முன் கம்பால் தரையைத் தட்டுங்கள். இதே காட்டில் கண்ணாடிவிரியனும் சுருட்டைவிரியனும் இருக்கின்றன, அவையும் இதே நேரத்தில்தான் கிளம்பும். தனியாகப் போக வேண்டாம். டார்ச் வழி நடக்க மட்டும், முயல் மேல் அடிக்கக் கூடாது. கண்ணில் வெளிச்சம் பட்டால் அது திகைத்து நின்றுவிடும். வேட்டைக்காரர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு செய்வது அதைத்தான். காட்டு முயலை வேட்டையாடுவது 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கையில் பெரிய விளக்கோடு ராத்திரி காட்டில் திரிந்தால் உங்களையும் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். போகும் முன் புஞ்சைக்காரரிடமும் ஊரிலும் சொல்லிவிட்டுப் போங்கள்.

பதினோராவது நாள் நடந்ததைச் சொல்கிறேன். மேற்கே வானம் இன்னும் சிவப்பாக இருந்தது. இடது பக்கம் ஏதோ சருகு நொறுங்கும் சத்தம். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டினேன். இருபதடி இருக்கும். தாளுக்கு நடுவே ஒரு மண்கட்டி நகர்ந்தது. இரண்டு எட்டு வைத்து நின்றது. காது இரண்டும் எழும்பி, ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகத் திரும்பின. பிறகு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஏதோ புல்லை நறுக்கத் தொடங்கியது. உடம்பு பழுப்பும் கறுப்பும் கலந்த நிறம். 334ஆம் பாட்டில் இதன் மயிரைச் சம்பங்கோரைக் கதிரோடு ஒப்பிட்டிருப்பது சரியான பொருத்தம். காதுகளின் அடியிலிருந்து கழுத்து வரை, யாரோ அடுப்புக்கரியைக் கட்டைவிரலால் இழுத்துத் தேய்த்த மாதிரி ஒரு கறுப்பு. உள்ளங்கையில் பாதி அகலம். வால் மேல்புறமும் அதே கறுப்பு.

இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. பின்னால் இருந்து பார்க்கும்போதும் அதன் கண்கள் எனக்குத் தெரிந்தன. தலையின் இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டு, தண்ணீர் மேல் அரை உருண்டையாக நிற்கும் குமிழி மாதிரியேதான். பொகுட்டுவிழியும் கரும்பிடரும் ஒரே இடத்திலிருந்து பார்த்தால் ஒன்றாகத் தெரிபவை. பாட்டு எழுதியவர் முயலுக்குப் பின்னால்தான் இருந்திருக்கிறார், அதுவும் மிக அருகில். கண் அப்படிப் புடைத்திருப்பதால் முயல் தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். நான் அதன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அது என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. பின்னால் ஒளிந்துகொண்டோம் என்ற நினைப்பு வேண்டாம். அசையாமல் இருப்பது ஒன்றுதான் நம்மைக் காப்பாற்றும். கொசு கடித்தால் கடிக்கட்டும். நான் சொறிந்தேன், அது போய்விட்டது.

எங்காவது புல்லில் குட்டி தனியாகக் கிடப்பதைப் பார்த்தால் தூக்காதீர்கள். தாய் விட்டுப் போய்விட்டது என்று இரக்கப்பட்டுப் பால் ஊற்றிச் சாகடிப்பவர்கள்தான் அதிகம். தாய் முயல் குட்டியோடு படுத்திருக்காது. இருட்டிய பிறகு வந்து சற்று நேரம் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். கூடவே இருந்தால் நரிக்கு வழிகாட்டியது போல ஆகும். நாய் பக்கத்தில் இருந்தால் நாயை இழுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள், அவ்வளவு போதும்.

முயல் வராத நாளும் இருக்கும். அப்படிப்பட்ட நாளுக்குப் பௌர்ணமியைப் பார்த்துப் போங்கள். நிலாவில் முயல் தெரியும் என்று எல்லாரும் சொல்வார்கள், நடுவானில் நிலா இருக்கும்போது அண்ணாந்து பார்த்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்பார்கள். நிலா கிழக்கே எழும்போது பாருங்கள். கறுப்புத் திட்டுகளில் மேல் பக்கம் இரண்டு பிரிவாக நீட்டிக்கொண்டிருப்பவை காது, அவை சேரும் இடம் தலை, கீழே பரந்து கிடப்பது உடம்பு. விடியற்காலை மேற்கே இறங்கும்போது அதே முயல் தலைகீழாகத் தொங்கும். கலித்தொகை 144இல் காதலனைக் காணாத ஒரு பெண் இந்த முயலைத்தான் அதட்டுகிறாள். அவன் இருக்கும் இடத்தைக் காட்டு, காட்டாவிட்டால் உன்மேல் நாயை ஏவிவிடுவேன், வேடர்களுக்கு நீ இருக்கும் இடத்தைச் சொல்லிக் கொடுப்பேன், நிலாவைப் பிடிக்கப் பாம்பைக் கிளப்பிவிடுவேன் என்கிறாள். இருட்டில் பொழியில் உட்கார்ந்து, கால் மரத்துப் போய், கொசுக்கடியோடு, ஒரு முயலும் வராத ராத்திரியில் அந்த வரிகளைத் தம்பிக்குச் சொன்னேன். "நாயைத்தான் நாமளே ஏவிவிட்டோமே அக்கா" என்றான்.